முதுகெலும்பு ஆபரேஷனில் சீழ் பிடிக்காமல் காப்பது எப்படி?

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாரே சிஸ்டர், அப்புறம் எப்படி சீழ் வந்துச்சு?”

வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த அந்த அம்மா என்னிடம் இதைக் கேட்டபோது, அவர் கணவருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆட்டோ ஓட்டுபவர். நழுவிப்போன முதுகெலும்பை நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு வைத்து நிறுத்தியிருந்தார்கள். முதல் வாரம் கால் வலி நன்றாகக் குறைந்து, வீட்டுக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். பதினோராம் நாள் காலையில் பனியனின் முதுகுப் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் கறை.

சென்னையில் ஆபரேஷன் தியேட்டரிலும், பிறகு தொற்றுத் தடுப்புப் பிரிவிலும் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டேன். அன்றைக்கு வராந்தாவில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் ஏதோ சொன்னேன். அந்தக் கேள்விக்கு அது போதாது. முதுகெலும்பு ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டுப் பயத்தோடு இருக்கும் குடும்பங்களுக்காக முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சீழ் வந்துவிட்டதாலேயே ஆபரேஷன் தப்பாகச் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. ஸ்க்ரூ சரியான இடத்தில் இருக்கலாம், நரம்பின் மேலிருந்த அழுத்தமும் போயிருக்கலாம், அப்படியும் தொற்று வரலாம். எளிய டிஸ்க் ஆபரேஷனில் இது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிறது. ஸ்க்ரூ, ராடு வைத்தால் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. விபத்தில் அடிபட்டவர்கள், புற்றுநோய் பரவியவர்கள், அதே இடத்தில் இரண்டாம் முறை ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு இன்னும் கூடும். இந்த எண்ணைப் பூஜ்யம் ஆக்க உலகத்தில் எந்த மருத்துவமனையாலும் முடியவில்லை. குறைக்க முடியும். குறைக்கும் வேலையில் பாதிக்கு மேல், டாக்டர் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் பெரிய பங்கு உண்டு. இதைத்தான் யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து விளக்குவதில்லை.

கிருமி எங்கிருந்து வருகிறது?

“ஆஸ்பத்திரி அழுக்கா இருந்துச்சா?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சில சமயம் அதுவும் காரணம்தான். ஆனால் பெரும்பாலும் கிருமி வருவது நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான். முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பின் சீழ் பிடிக்க வைப்பதில் முதலிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்கு. ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும். ஒரு தொந்தரவும் செய்யாது. தோலைத் திறந்து ஆழத்துக்கு வழி விட்டால் அதன் குணம் மாறிவிடும்.

கிருமியே இல்லாத தோல் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வேர்வைத் துளைகளுக்கும் மயிர்க்கால்களுக்கும் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால் இது எண்ணிக்கை விஷயம். உள்ளே போகும் கிருமிகள் குறைவாக இருந்து, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால், உடம்பே அவற்றைத் தின்று தீர்த்துவிடும்.

உலோகம் உள்ளே இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 1957இல் எலெக், கோனென் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தாமாக முன்வந்தவர்களின் தோலில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்க வைக்கப் பல லட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது. ஒரு பட்டு நூல் தையல் அங்கே இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே இப்படி. ஸ்க்ரூவும் ராடும் எத்தனை பெரிய பரப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். ஒரு வாரம் கழித்து உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் வழவழவென்று ஒரு படலம். வெறும் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினால் போகாது, நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். உலோகத்தின் மேல் கிருமி குடியேறும்போது அதே மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்துவிடும். ரத்தத்தில் போகும் மருந்து அந்தப் படலத்துக்கு வெளியேயே பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் திறந்து தேய்த்துக் கழுவ வேண்டியதுதான் வழி. அதனால்தான் சாதாரண ஆபரேஷன் என்றால் 30 நாள் வரை பார்க்கிற தொற்றுக் கணக்கை, ஸ்க்ரூ, ராடு வைத்தவர்களுக்கு 90 நாள் வரை பார்க்கிறோம்.

தேதி குறித்த நாளிலிருந்து

முதலில் சுகர். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கிருமியைப் பிடித்துத் தின்ன வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். மூன்று மாத சராசரி சொல்லும் எச்பிஏ1சி அளவு 7, 7.5க்குள் வரட்டும் என்று பல டாக்டர்கள் காத்திருப்பார்கள். ஆபரேஷன் நாளிலும் அதற்கடுத்த நாட்களிலும் சர்க்கரை 200ஐத் தாண்டக் கூடாது. தனக்கு சுகர் இருப்பதே தெரியாமல் வருபவர்கள் நம் ஊரில் நிறைய. ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் பரிசோதனையில்தான் அது வெளியே வருகிறது. அதற்காகத் தேதி தள்ளிப்போனால் கோபப்படாதீர்கள்.

சிகரெட், பீடியை நான்கு வாரம் முன்பாவது விட்டுவிட வேண்டும். புண்ணின் ஓரத்துக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களை நிகோடின் சுருக்கிவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. புரதச்சத்துக் குறைவும் இப்படித்தான். வலியால் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், கஞ்சியும் ரசம் சாதமுமாக ஓட்டிய வயதானவர்களுக்கு ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே இருக்கும். முட்டை, பருப்பு, மீன், சுண்டல், தயிர் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதை அந்த வாரங்களில் கூட்டிக் கொடுங்கள். சொத்தைப் பல்லில் வீக்கம், சிறுநீர் எரிச்சல், உடம்பில் எங்காவது கட்டி என்று இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். அப்படிப் போட்டவர்களுக்குத் தொற்று கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இப்போது ஒத்தடம் பற்றி. இதை விரிவாகவே எழுத வேண்டும். முதுகு வலிக்காரர் வீட்டில் ஒத்தடம் இல்லாமல் இருக்காது. ஒருமுறை அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டியை அட்மிட் செய்து, முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே வலை பின்னியது மாதிரி பழுப்புக் கோடுகள், மாதக்கணக்கில் வெந்நீர்ப் பை வைத்த தடம். அதன் நடுவில், சரியாகக் கீறல் போட வேண்டிய இடத்தில், ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததைப் போல முதுகிலும் சூடு சரியாகத் தெரியவில்லை போல. டாக்டர் வந்து பார்த்தார். “இந்தத் தோல் ஆறாம நான் திறக்க மாட்டேன். மூணு வாரம் கழிச்சு வாங்க” என்றார். மகனுக்கு ஆத்திரம். “லீவு போட்டுட்டு வந்திருக்கேன் சிஸ்டர், இதெல்லாம் ஒரு புண்ணா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அது புண்தான். உடைந்த தோலில் கிருமிகள் பல மடங்கு இருக்கும். அதன் வழியாகக் கத்தியை விடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி. நான்காவது வாரம் ஆபரேஷன் நடந்தது. புண் ஒழுங்காக ஆறியது.

அதனால் தேதி குறித்ததும் ஒத்தடம், சுடச்சுடப் பற்றுப் போடுவது, காரமான தைலம், முதுகில் ஏறி மிதிப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முதுகில் பரு, வேர்க்குரு, படர்தாமரை இருந்தால் முன்கூட்டியே காட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கால் திடீரென்று பலம் இழக்கிறது, சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் காத்திருக்கும் பேச்சே கிடையாது. அது அவசர ஆபரேஷன். அங்கே நரம்புதான் முதலில்.

அப்புறம் அரைஞாண் கயிறு. இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக அது உட்கார்ந்திருக்கும் இடமும், டிஸ்க் ஆபரேஷன் அதிகமாக நடக்கும் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளின் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். வருஷக்கணக்கில் வேர்வையும் சோப்பும் ஊறிய கயிறு, அதற்கடியில் ஒரு கருத்த கோடு. கழற்றச் சொன்னால் பெரியவர்கள் முகம் வாடிவிடும். “வெட்டக் கூடாதும்மா, தாலி மாதிரி அது” என்றார் ஒரு ஐயா. வெட்ட வேண்டாம், முந்தின நாளே நீங்களே அவிழ்த்து சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள், ஆறினதும் புதுசாகக் கட்டிக்கொள்ளலாம் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆபரேஷன் அன்று காலையில் தியேட்டர் வாசலில் இதைப் பேசுவது அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கழுத்தில் ஆபரேஷன் என்றால் பெண்கள் முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் வர வேண்டும்.

குளியல் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டியில் அதற்கும் இடம் உண்டு. முந்தின நாள் இரவும் அன்று காலையும் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, துவைத்த துண்டால் துடைத்து, துவைத்த துணி உடுத்த வேண்டும். மருத்துவமனையில் குளோர்ஹெக்ஸிடின் திரவம் கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள். வயதானவர்களுக்குத் தங்கள் முதுகு எட்டாது. யாராவது தேய்த்துவிட வேண்டும். குளித்த பின் பவுடர், எண்ணெய், தைலம் எதுவும் முதுகில் வேண்டாம்.

ஷேவ் செய்யாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். “முதுகு பூரா முடி சிஸ்டர், அதான் நானே பிளேடு போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்” என்று பெருமையாக வந்தவர்கள் உண்டு. பிளேடு கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான கீறல்களைப் போடும். ராத்திரி முழுக்க அந்தக் கீறல்களில் கிருமி பெருகும். முடியை எடுத்தே தீர வேண்டும் என்றால், மருத்துவமனையில் கிளிப்பர் வைத்து ஆபரேஷனுக்குச் சற்று முன்பு எடுப்போம். இடைஞ்சல் இல்லாவிட்டால் தொடவே மாட்டோம்.

மூக்கில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸுக்காகச் சில இடங்களில் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதித்து, இருந்தால் ஐந்து நாள் மியூபிரோசின் களிம்பு தடவச் சொல்வார்கள். சொன்னால் விடாமல் தடவுங்கள்.

ஒரு ஊசி, ஒரு மணி நேரம்

எல்லாவற்றிலும் எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் இது. தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் ஊசி, கீறல் போடுவதற்கு முன்பே உடம்பில் பரவி நிற்க வேண்டும். எதிரி வாசலுக்கு வரும்போது காவல்காரர் ஏற்கெனவே அங்கே நிற்க வேண்டும், பிறகு ஓடி வந்து பயனில்லை.

1961இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க சர்ஜன் கினிப் பன்றிகளில் இதைக் காட்டினார். கிருமி உள்ளே போவதற்கு முன் மருந்து இருந்தால் நல்ல பலன். நேரம் போகப் போக பலன் தேய்ந்துகொண்டே வந்து, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்த மருந்து கொடுக்காததற்குச் சமம். 1992இல் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வும் அதையே சொன்னது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்குத் தொற்று. கீறலுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்துப் பெற்றவர்களில் 3.3. ரொம்ப முன்கூட்டியே பெற்றவர்களில் 3.8. சீக்கிரம் போட்டாலும் கெடுதல்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், காலை ஏழு மணிக்கு வார்டிலேயே எல்லாருக்கும் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். முதல் கேஸுக்குச் சரி. மூன்றாவது கேஸ் தியேட்டருக்குள் போவது மதியம் ஒன்றரை மணிக்கு. அந்த நோயாளியின் ரத்தத்தில் மருந்து அதற்குள் வடிந்துபோயிருக்கும். சார்ட்டில் மட்டும் “ஊசி போடப்பட்டது” என்று கையெழுத்து இருக்கும். அதை மாற்ற எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. இப்போது மயக்க மருந்து டாக்டர் தியேட்டருக்குள் வைத்துப் போடுகிறார், கீறலுக்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் நிற்கும்போது “ஆன்டிபயாடிக் போட்டு எத்தனை நிமிஷம் ஆச்சு?” என்று சத்தமாகக் கேட்கிறோம். கடைசி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டாயிற்றா என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 19 கேள்விகளில் ஒன்று.

வழக்கமாகப் போடுவது செஃபசோலின், 2 கிராம். உடல் எடை 120 கிலோவைத் தொட்டால் 3 கிராம். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ மறுபடி ஒரு ஊசி. பெனிசிலின் ஊசி போட்டு எப்போதாவது தடித்து, மூச்சு வாங்கியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த மாற்று வான்கோமைசின் என்றால் மெதுவாக ஏற்ற வேண்டும், சீக்கிரமே தொடங்க வேண்டும்.

அப்புறம் எத்தனை நாள்? தையல் போட்டு முடித்த பிறகு இந்த ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடர வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டியின் அறிவுரை. பல இடங்களில் 24 மணி நேரம் வரை கொடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால் நன்மை கூடுவதில்லை. வயிற்றுப்போக்கு வரும், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும். ஆனால் வீட்டார் கேட்பது “நல்லா பவர்ஃபுல்லா பத்து நாளைக்கு எழுதிக் குடுங்க” என்றுதான். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. நேரம் பார்த்துப் போட்ட ஒரு ஊசி பத்து நாள் மாத்திரையைவிடப் பெரிய காவல். 2012இல் நம் நாட்டு மருத்துவர்கள் இந்த ஊரில் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். அதன் பெயரே சென்னைப் பிரகடனம். பத்து நாள் மாத்திரை எழுதாத டாக்டரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கதவுக்கு உள்ளே

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்த பிறகு முதுகில் மருந்து பூசுவோம். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் அல்லது பழுப்பு நிறப் போவிடோன் அயோடின். பூசுவதைவிட முக்கியம் காய விடுவது. அந்த இரண்டு மூன்று நிமிடம் யாரும் தொடாமல் நிற்க வேண்டும். காயும்போதுதான் மருந்து கிருமியைக் கொல்கிறது. ஆல்கஹால் ஈரமாக இருக்கும்போது மின்கத்தியின் பொறி பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். அவசரத்தில் துணியால் ஒற்றி எடுப்பதைப் பார்த்தால் நான் விடமாட்டேன்.

கதவு அடுத்தது. தியேட்டருக்குள் வடிகட்டிய காற்றை அழுத்திக் கொடுப்பதால், காற்று உள்ளிருந்து வெளியேதான் தள்ளும். கதவைத் திறந்தால் அந்த ஒழுங்கு குலையும். நடமாடும் ஒவ்வொரு மனிதரிடமிருந்தும் தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன, அவற்றில் கிருமிகளும் ஒட்டியிருக்கும். ஒரு சாட்டர்டே நான்கு மணி நேர ஆபரேஷனில் கதவு எத்தனை முறை திறந்தது என்று பேப்பரில் கோடு போட்டு எண்ணினேன். எழுபத்தொன்று. நூல் எடுக்க, போன் பேச, டீ வந்துவிட்டதா என்று எட்டிப்பார்க்க. அந்தப் பேப்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். தேவையானதை எல்லாம் முன்பே உள்ளே எடுத்து வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்க்ரூ, ராடு வைக்கும் செட்டுகள் பல சமயம் கம்பெனியிலிருந்து முந்தின நாள்தான் பெட்டியில் வரும். கழுவி, காய வைத்து, கட்டி, 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ நீராவியில் வைத்து எடுக்க நேரம் வேண்டும். கட்டின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கருத்திருக்க வேண்டும், உள்ளே வைத்த சோதனைச் சீட்டும் நிறம் மாறியிருக்க வேண்டும். துணி ஈரமாக வந்தால் அது எத்தனை அவசரக் கேஸ் என்றாலும் திரும்பப் போகும். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

தசையை விலக்கிப் பிடிக்கும் கருவியை நேரம் பார்த்துக் கொஞ்சம் தளர்த்துகிற சர்ஜன்களை எனக்குப் பிடிக்கும். மணிக்கணக்கில் நசுங்கிய தசைக்கு ரத்தம் போகாது, செத்துப்போகும். செத்த தசை கிருமிக்குச் சாப்பாடு. மூடுவதற்கு முன் நிறைய உப்பு நீர் விட்டுக் கழுவுவதும், சிலர் நீர்த்த போவிடோன் அயோடின் விடுவதும் இதற்காகத்தான். புண்ணுக்குள் வான்கோமைசின் பொடி தூவும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. அது பலன் தந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் 907 நோயாளிகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், பொடி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தொற்று ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் பொடி கூடுதலாக எதையும் தரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அடிப்படை வேலைகளை ஒழுங்காகச் செய்யாமல் பொடியை நம்பக் கூடாது.

உடம்பு சூட்டையும் காக்க வேண்டும். மயக்கத்தில் உடம்பு தானாகச் சூடேற்றிக்கொள்ளாது, தியேட்டர் ஏசியோ குளிர். 1996இல் குடல் ஆபரேஷன் நோயாளிகள் 200 பேரிடம் நடந்த ஆய்வில், சூடாக வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும், குளிர விட்டவர்களில் 19 பேருக்கும் புண்ணில் தொற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வையைப் போட்டு அனுப்புவது சொகுசுக்காக இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 48 மணி நேரம் டிரஸ்ஸிங்கைப் பிரிக்கவே வேண்டாம். அதற்குள் தோலின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகும் டாக்டர் சொன்ன நாளில்தான் மாற்ற வேண்டும். இடுப்பின் அடிப்பகுதியில் ஆபரேஷன் என்றால் ஆபத்து கீழேயிருந்து வரும். படுத்த படுக்கையில் பெட்பேன் வைக்கும்போது டிரஸ்ஸிங்கின் கீழ் ஓரம் நனைந்தால், அழுக்கானால், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். துடைக்கும்போது முன்னிருந்து பின்னாகத் துடைத்தாலும் புண் பக்கம் கை போகக் கூடாது.

சென்னையில் மே மாதம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதுகை மெத்தையில் ஒட்ட வைத்து நாள் முழுக்கப் படுத்திருந்தால், வேர்வையிலேயே டிரஸ்ஸிங் ஊறிவிடும். பக்கவாட்டில் புரண்டு படுக்க வையுங்கள், மேலே பருத்தித் துணி விரியுங்கள், ஃபேன் காற்று முதுகுக்கு வரட்டும். ரெக்சின் விரிப்பு வேண்டாம். பெல்ட் போட்டிருந்தால் அதன் உள்பக்கமும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். தொடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பார்க்க வருகிறவர்கள் புண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் தையல் மேல் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள், தெரியும். இது கையில் பட்ட சிராய்ப்பு இல்லை, அடியில் எலும்பு வரைக்கும் வழி இருக்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்? காய்ச்சல் மட்டும் போதாது, காய்ச்சலே இல்லாமலும் ஆழத்தில் சீழ் பிடிக்கும். குறைந்துகொண்டே வந்த முதுகு வலி பத்தாம் நாள் வாக்கில் மறுபடி ஏறினால் அதுதான் பெரிய அறிகுறி. புண்ணிலிருந்து கசிவு, ஓரம் சிவந்து சூடாவது, தையல் விலகுவது, பசி போய்ச் சோர்ந்து கிடப்பது எல்லாமும். வீக்கமோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி. என்ற அளவு, ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், இரண்டு வாரத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் நாங்கள் உஷாராகிவிடுவோம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

வியாசர்பாடி குடும்பம் ஒரே ஒரு தவறு செய்தது. கறையைப் பார்த்ததும் தெருமுனை மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வேளை போனது. அப்படிக் கொடுத்தால் மேலே கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் நாங்கள் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும்போது கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியாமல் குருட்டாம்போக்கில் வைத்தியம் செய்ய வேண்டி வரும். கசிவைப் பார்த்தால் மாத்திரை வாங்காதீர்கள். டிரஸ்ஸிங்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே கிளம்பி வாருங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் அந்தப் படலம் இன்னும் கெட்டிப்படும்.

அவர் விஷயத்தில் நல்லவேளையாகக் கிருமி வளர்ந்தது. மறுநாளே தியேட்டருக்கு எடுத்துப் போய்த் திறந்து, செத்த தசையை வெட்டி எடுத்து, லிட்டர் லிட்டராகக் கழுவினார்கள். ஸ்க்ரூ எலும்பைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால் எடுக்கவில்லை. சீக்கிரம் வந்த தொற்றில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். எலும்பு ஆடாமல் இருந்தால்தான் புண்ணும் ஆறும். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை கழுவினார்கள். அப்புறம் ஆறு வாரம் மருந்து. அந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார். ஒரு தனி நோயாளியில் இன்ன வாசல்தான் என்று கைகாட்டிச் சொல்ல முடிவது அபூர்வம். அதனால்தான் எல்லா வாசலையும் ஒவ்வொரு முறையும் மூட வேண்டியிருக்கிறது என்றேன்.

இன்னொன்று மட்டும். சில கிருமிகள் ரொம்ப மெதுவானவை. மயிர்க்காலடியில் வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற ஒன்று, ராடு வைத்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட வலியாகவோ சின்னக் கசிவாகவோ தலைகாட்டலாம். அன்றைக்குப் பார்க்கும் டாக்டருக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறது, எந்த அளவு ஸ்க்ரூ, எந்தத் தேதி என்று தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும், அதோடு ஒட்டித் தரும் ஸ்க்ரூ, ராடு ஸ்டிக்கர்களையும் தொலைக்காமல் வையுங்கள். வியாசர்பாடி அம்மா அவற்றை ரேஷன் கார்டோடு ஒரே கவரில் போட்டு, அரிசி டிரம்முக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.